மகாவலியின் கடைமடையில் வாகனமில்லாத சைக்கிள் ஓட்டம்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஆற்றோரமாகச் சைக்கிளுக்கென்று பலகை நட்ட பாதையைத் திருகோணமலையில் தேட வேண்டாம். எங்களிடம் இருப்பது வாய்க்கால் கட்டு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கடலைத் தொடுமுன் பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழ, மற்றது வெருகல் ஆறாகத் தெற்கே கடல் சேர்கிறது. மாவிலாறு அணைக்கட்டுத் தண்ணீர் மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று வயல்களுக்குப் பாய்கிறது. தம்பலகாமத்து வயல்களைக் கந்தளாய்க் குளம் பார்த்துக்கொள்கிறது. இந்த வாய்க்கால்களைப் பராமரிக்கப் போட்ட கிறவல் வீதிகள்தான் நம் பாதை. அவற்றைத் துண்டு துண்டாகக் கோத்து எடுப்பது உங்கள் வேலை.

கட்டு ஏன் நல்லது என்றால், ஒரு பக்கம் தண்ணீர். அந்தப் பக்கத்திலிருந்து குறுக்கு வீதி எதுவும் திடீரென்று வந்து ஏறாது. பிரதான வாய்க்கால் நிலத்தின் மட்டத்தைப் பிடித்து வளைந்து வளைந்து போவதால் ஏற்றமும் இல்லை. முதல் தடவை ஓடுபவருக்கு இதைவிட இலகுவான தரை கிடைக்காது.

1. பாதையை வரைதல்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். கைபேசி வரைபடத்தைச் செய்மதிப் படத்துக்கு மாற்றி, கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி பக்கத்து வயல்வெளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்பச்சைக் கோடு தண்ணீர். அதை ஒட்டியே மண்ணிறக் கோடு ஒன்று ஓடினால் அது கட்டு வீதி. மண்ணிறம் தெளிவாக இருந்தால் உழவு இயந்திரம் போய்வருகிறது, சைக்கிளும் போகும். நடுவில் பச்சை மூடியிருந்தால் புல்லும் முள்ளும் வளர்ந்துவிட்டன, விட்டுவிடுங்கள்.

பலரும் பிழை விடுவது குறுக்கே ஓடை வரும் இடத்தில். கோடு ஓடைக்கு அந்தப் பக்கமும் தொடரும், ஆனால் நடுவில் போக்குப் பாலம் இருக்காது. அப்படிச் சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்து, அதற்கு முன்னாலேயே பிரதான வீதிக்குத் திரும்பும் வழி ஒன்றையும் குறித்து வையுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம் கிடைத்தால் வாய்க்காலையும் பழைய வண்டிப் பாதையையும் அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏ15 வீதியை முழுதாகத் தவிர்க்க முடியாது. கிண்ணியாப் பாலத்தையும் கங்கைப் பாலத்தையும் கடந்துதான் மூதூர்ப் பக்கம் போக வேண்டும். கிண்ணியாவில் 2009 வரை ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தார்கள். இப்போது பாலத்தில் பஸ்ஸும் லொறியும் வேகமாக வரும். பாலங்களை விடியற்காலையில் கடந்துவிடுங்கள், அல்லது சைக்கிளை வாகனத்தில் ஏற்றிக் கிளிவெட்டியில் இறக்கி, அங்கிருந்து தொடங்குங்கள். புதியவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வோம். தம்பலகாமம் இன்னும் இலகு: ஏ6 வீதியை விட்டு இறங்கிய உடனேயே வயல்.

முதல் ஓட்டம் போக வர 20 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். கிறவலில் மணிக்கு 12 கிலோமீற்றர் என்று கணக்கிட்டு, நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம்.

2. வட்டை விதானையைக் கேட்டல்

செய்மதிப் படம் பழையது. எந்தக் கட்டு அரித்துக் கிடக்கிறது, எங்கே மதகு உடைந்திருக்கிறது, முந்தின இரவு யானை எந்தப் பக்கம் இறங்கியது என்பதெல்லாம் வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டை விதானைக்கும் வயல்காரருக்கும்தான் தெரியும். முதல் நாளே போய்க் கேளுங்கள். கிளிவெட்டியில் “அண்ணே”, கிண்ணியாவில் “நானா” என்று மரியாதையாகக் கூப்பிட்டு, “இந்தக் கட்டால போனா கங்கைக்கரை வருமா, இடையில சைக்கிளத் தூக்க வேணுமா?” என்று விசாரியுங்கள். “போகலாம்” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மோட்டார் சைக்கிள் போகும் பாதையா, நடந்து போகும் பாதையா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

3. காலமும் காற்றும்

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரண்டு வீசும், வெயில் ஏற ஏறப் பலக்கும். காலையில் காற்றை எதிர்த்து மேற்கே போய், முதுகில் காற்றோடு திரும்பும்படி பாதையை அமையுங்கள். மாறிச் செய்தால் களைத்த நேரத்தில் எதிர்காற்றில் மாட்டுவீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி. கட்டு நனைந்திருந்தால் போகவே கூடாது. களிமண் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் அடைந்து சில்லு இறுகிவிடும். அந்த நேரத்தில் பலம்போட்டு மிதித்தால் செயின் அறும். இறங்கி, தடியால் சுரண்டி எடுங்கள். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு ஓடுவது நல்லது.

அறுவடைக் காலத்தில் கார்பட் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். அவர்களின் உழைப்பு என்பது ஒன்று; காய்ந்த நெல்மணியில் சில்லு சறுக்கும் என்பது மற்றது.

4. சைக்கிளைத் தயார்படுத்தல்

மெல்லிய ரேசிங் ரயர் கிறவலுக்கு ஆகாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 26 x 1.95 ரயர் என்றால் 35 முதல் 40 பிஎஸ்ஐ, 700 x 35 என்றால் 50 முதல் 55. கல்லாகக் காற்றடித்தால் சில்லு துள்ளும், கை மரத்துப்போகும். குறைத்து அடித்தால் கல்லில் அடிபட்டு ரியூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும்.

ஊரில் ஓடும் சாதாரண சைக்கிளில் காற்றடிக்கும் வாயில் வால்கட்டை (பழைய வகை வால்வு) இருக்கும். அதில் அளவு பார்ப்பது கடினம். ரயரைப் பெருவிரலால் அழுத்தும்போது சற்றே உள்வாங்கினால் போதும். புறப்படுமுன் வால்கட்டை வாயில் ஒரு துளி எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால் ரியூப் என்ற சிறு இறப்பர்க் குழாய் வெக்கையில் வெடித்திருக்கலாம். புது வால் ரியூப் விரல் நீளத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

கூடவே பம்ப், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, உதிரி ரியூப் ஒன்று, ஒட்டு, சொலூசன் (ஒட்டும் பசை), அரத்தாள். நெருஞ்சி முள்தான் இங்கே முதல் எதிரி. ஓட்டையை ஒட்டிவிட்டு உடனே ரயரைப் பூட்டுபவர்களுக்கு அடுத்த வளைவிலேயே மறுபடி காற்றுப் போகும், ஏனென்றால் முள் முனை ரயரிலேயே இருக்கிறது. துணியொன்றால் ரயரின் உட்புறத்தை முழுவட்டமும் துடையுங்கள். நூல் இழுபடும் இடத்தில் முள் இருக்கும். பிறகு ரியூபை உரசி, சொலூசன் பூசி, ஈரப்பளபளப்பு மங்கும்வரை பொறுத்து ஒட்டை அழுத்துங்கள். அவசரப்பட்டால் ஒட்டாது.

5. ஓடும்போது

நன்றாக விடிந்தபின் ஏறுங்கள், பத்து மணிக்குள் இறங்குங்கள். இருட்டோடு யானை உலாவும் பகுதி இது. பச்சைச் சாணம் ஈரமாகக் கிடந்தாலோ, பற்றைக்குள் கொப்பு முறியும் சத்தம் கேட்டாலோ நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். கட்டில் யானைக்குத் தப்பி ஒதுங்கும் அளவுக்கு இடமில்லை என்பதை மறக்க வேண்டாம். யானை வேலிக் கம்பியைத் தொடாதீர்கள். ஆற்றிலும் பெரிய ஓடைகளிலும் முதலை உண்டு, முகம் கழுவக்கூட இறங்க வேண்டாம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லீற்றர். கச்சான் காலத்தில் ஒரு லீற்றரில் ஒரு பக்கெற் ஜீவனி (உடல் இழக்கும் உப்பை ஈடுசெய்யும் தூள்) கரைத்துக்கொள்ளுங்கள். கட்டில் கடை இல்லை.

மாடு எதிரே வந்தால் மணி அடிக்காமல் இறங்கி நில்லுங்கள். மிரண்ட எருமை உங்கள் பக்கம் பாயக்கூடும். உழவு இயந்திரம் வந்தால் தண்ணீர் ஓரத்தை விட்டு வயல் பக்கம் ஒதுங்குங்கள், தண்ணீர் ஓரத்து மண் இளகியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செயினை உலர்ந்த துணியால் துடைத்து ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். கைபேசியில் பதிவான தடத்தைச் சேமித்து, உடைந்த மதகையும் பாலமில்லாத ஓடையையும் அதிலேயே குறித்து வையுங்கள். மாரி முடிந்து மறுபடி போகும்போது முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.