லென்ஸ் மேல இருக்குற பேரு ஒருத்தரோடது, செஞ்சது இன்னொருத்தரு: கண்டுபிடிக்கிறது எப்படி

"அமெரிக்கன் லென்ஸ் சார், இப்பல்லாம் கிடைக்காது"ன்னு சொல்லித்தான் எனக்கு முதல் விவிடார் கேமரா லென்ஸ வித்தாங்க. வீட்டுக்கு வந்து துடைச்சுப் பாத்தா பொடி எழுத்துல மேட் இன் ஜப்பான்னு இருக்கு. டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டாங்களோன்னு ரெண்டு நாள் மனசே சரியில்ல. அப்புறம் தேடிப் படிச்சதுலதான் தெரிஞ்சது, வித்தவர் சொன்னதும் பாதி சரி, லென்ஸும் ஒரிஜினல்தான்.

விவிடார் கலிஃபோர்னியா கம்பெனி, 1938ல மேக்ஸ் பாண்டர், ஜான் பெஸ்ட்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. லென்ஸ அவங்க செய்யல, ஜப்பான்ல இருக்குற வேற வேற ஃபேக்டரில செய்யச் சொல்லி வாங்கி தன் பேர போட்டு வித்தாங்க. நமக்கு நல்லது என்னன்னா யாரு செஞ்சாங்கன்றத சீரியல் நம்பர்லயே விட்டு வச்சிருக்காங்க. முதல் ரெண்டு இலக்கம் ஃபேக்டரி: 22ன்னா கினோ (கிரான்னு சொல்வாங்களே அவங்கதான்), 28ன்னா கோமின், 37ன்னா டோகினா, கோசினாவுக்கு மட்டும் 9ன்ற ஒரே இலக்கம். ஃபேக்டரி எண் ரெண்டு இலக்கமா இருந்தா மூணாவது இலக்கம் வருஷத்தோட கடைசி எண், அடுத்த ரெண்டும் அந்த வருஷத்துல எத்தனாவது வாரம்னு. அதாவது 28812ன்னு ஆரம்பிச்சா கோமின், 8ல முடியுற வருஷம், 12வது வாரம். 78ஆ 88ஆன்னு மாடல வச்சு நீங்கதான் முடிவு பண்ணணும். இன்னொண்ணு, 28 எம்எம் லென்ஸ்ல சீரியல் 28ல ஆரம்பிச்சா அது ஃபோகல் லெங்த்னு (லென்ஸ் பேர்ல வர்ற அந்த எம்எம் எண்) நினைச்சுடாதீங்க, நான் ஒரு வாரம் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

இது தெரிஞ்சா காசு மிச்சமாகும். விவிடாரோட சீரீஸ் 1ன்ற வரிசைல வந்த 70-210 எம்எம் ஜூம எடுத்துக்கோங்க. முதல் வெர்ஷன் கினோ செஞ்சது, எஃப் 3.5 (லென்ஸ் எவ்வளவு அகலமா திறக்கும்ன்ற எண்), முன்னாடி மாட்டுற ஃபில்டர் 67 எம்எம். ரெண்டாவது டோகினா, அதுவும் 3.5தான் ஆனா ஃபில்டர் 62. மூணாவது கோமின், 2.8-4. பேரு ஒண்ணுதான், ஆனா உள்ள இருக்குற கண்ணாடி மூணுலயும் வேற வேற. அதனால விக்கிறவங்க 'சீரீஸ் 1 இருக்கு'ன்னு மட்டும் சொன்னா பத்தாது, சீரியல் நம்பர் தெளிவா தெரியுற மாதிரி ஒரு ஃபோட்டோ கேளுங்க. தர மாட்டேன்னு இழுத்தாங்கன்னா விட்டுடுங்க.

எல்லா கம்பெனியும் இப்படி சீரியல் நம்பர்ல குறிப்பு வைக்காது. அங்க வேற வழி இருக்கு, ஸ்பெக்க பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடணும். எத்தன எலிமென்ட் (உள்ள இருக்குற கண்ணாடித் துண்டு), அதெல்லாம் எத்தன குரூப்பா இருக்கு, ஃபில்டர் சைஸ், எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகும், அப்பர்ச்சர் பிளேடு (வெளிச்சம் வர்ற வாயத் திறந்து மூடுற தகடு) எத்தன, இவ்வளவும் ஒத்துப்போனா பெரும்பாலும் ஒரே லென்ஸ்தான். டாம்ரான் 2018ல சோனிக்கு விட்ட 28-75 எஃப் 2.8ல 12 குரூப்ல 15 எலிமென்ட், ஃபில்டர் 67 எம்எம், வைட் சைடுல 0.19 மீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம். 2021 கடைசில நிக்கான் தன்னோட இசட் மவுன்ட்டுக்கு (மவுன்ட்னா லென்ஸ கேமராவுல மாட்டுற வாய்) அறிவிச்ச 28-75லயும் அதே எண்கள்தான். கொரியாவோட சாம்யாங் லென்ஸு ரோகினான், பௌவர் (Bower), வாலிமெக்ஸ்னு ஊருக்கு ஒரு பேர்ல வரும், 14 எம்எம் எஃப் 2.8 எந்தப் பேர்ல வந்தாலும் சாம்யாங்தான், எது விலை கம்மியோ அத வாங்கலாம், மவுன்ட்ட மட்டும் சரி பாத்துக்கோங்க.

ஆனா கண்ணாடி ஒண்ணுன்றதால எல்லாமே ஒண்ணுன்னு ஆகிடாது. பென்டாக்ஸோட ஃபுல் ஃபிரேம் 24-70 டாம்ரான் டிசைன்தான், பென்டாக்ஸ் கேமரா பாடிலயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்த சமாளிக்கிற வசதி) இருக்குறதால லென்ஸ்ல இருந்தத எடுத்துட்டாங்க, கோட்டிங்கும் அவங்களோடது. ஆட்டோஃபோகஸும் பாடியப் பொறுத்து மாறும். அதனால டாம்ரான் ரிவ்யூவ படிச்சுட்டு பென்டாக்ஸ் லென்ஸப் பத்தி முழு முடிவுக்கு வராதீங்க.

இப்ப 'மேட் இன்' விஷயம். இங்கதான் ஆளாளுக்கு சண்டை போடுவாங்க. பொதுவா அந்த லேபிள் சொல்றது கடைசியா கணிசமான வேலை எங்க நடந்துச்சுன்றத மட்டும்தான். டிசைன் எங்க போட்டாங்க, கண்ணாடிய எங்க தேய்ச்சாங்கன்னு அதுல தெரியாது. கேனான் 50 எம்எம் எஸ்டிஎம் மலேசியால வருது, 18-55 நிறைய தைவான்ல, நிக்கான் 18-55 தாய்லாந்துல. 2011ல தாய்லாந்து வெள்ளத்துல நிக்கானோட அயுத்தயா ஃபேக்டரி மூழ்கினப்பதான் அந்த ஊர் எவ்வளவு முக்கியம்னு உலகத்துக்கே புரிஞ்சது. ஜெர்மன் கம்பெனி லைக்காவுக்கு 1973லேர்ந்து போர்ச்சுகல்ல ஃபேக்டரி இருக்கு, அங்க பாதி வேலை முடிஞ்சு ஜெர்மனில ஃபைனல் பண்ற கேமரா மேல ஜெர்மனின்னுதான் இருக்கும். லைக்காவோட ஆர் வரிசை 24 எம்எம் லென்ஸோட ஆப்டிகல் டிசைனே ஜப்பான் கம்பெனி மினோல்டாவோடது. இதெல்லாம் தெரிஞ்சப்புறம் தாய்லாந்து லென்ஸ்னு சொல்லி ஒருத்தர் முகம் சுளிச்சா எனக்கு கஷ்டமா இருக்கு, அந்த ஃபேக்டரில வேலை பாக்குறவங்க அவ்வளவு கவனமா அடுக்கின பீஸ் அது.

லேபிள்ல வரலாறு ஒளிஞ்சிருக்குற லென்ஸும் உண்டு. போருக்கப்புறம் ஜெர்மனி ரெண்டானப்ப கார்ல் சைஸ் (Zeiss) லென்ஸ் கம்பெனியும் ரெண்டாச்சு, மேற்குல ஓபர்கோகன், கிழக்குல பழைய ஊரு யேனா. பேருக்காக கோர்ட் வரைக்கும் போனதால கிழக்கு லென்ஸ மேற்கு நாடுகளுக்கு அனுப்பறப்ப கார்ல் சைஸ்னு போட முடியாம 'அவுஸ் யேனா'ன்னு (யேனாலேர்ந்துன்னு அர்த்தம்) மட்டும் பொறிச்சு அனுப்பினாங்க, டெஸ்ஸார்ன்ற லென்ஸ் பேர எழுத முடியாம டி, சோனார்ன்ற பேருக்கு எஸ். இத பாத்து போலின்னு ஒதுக்கறவங்க நிறைய பேர். நல்ல கண்டிஷன்ல கிடைச்சா யோசிக்காம எடுங்க.

பழைய ஜப்பான் லென்ஸ்ல தங்கக் கலர்ல முட்டை வடிவத்துல 'பாஸ்டு'ன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது ஏற்றுமதி சோதனைல பாஸ்னு சொல்றது, எந்த ஃபேக்டரின்னு சொல்லாது. அதுக்காக கூட காசு தர வேண்டாம்.

புது லென்ஸ்னா பெட்டியத் திருப்பிப் பாருங்க. இந்தியால முறையா வந்த பெட்டில இம்போர்ட் பண்ணவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி, எந்த நாட்டுல செஞ்சதுன்ற விவரம் எல்லாம் இருக்கணும். அந்த ஸ்டிக்கர் இல்லன்னா கிரே மார்க்கெட் பீஸா (கம்பெனியோட முறையான வழில வராதது) இருக்க வாய்ப்பு அதிகம், மேட் இன் ஜப்பான்னே இருந்தாலும் ரிப்பேர்னு வந்தா இங்க வாரன்ட்டி கிடைக்கிறது கஷ்டம். காசு தர்றதுக்கு முன்னாடியே சர்வீஸ் யாரு பண்ணுவாங்கன்னு கேட்டு, பில்லுல எழுதி வாங்கிடுங்க.