டேப்லெட்டில் தேநீர் கொட்டினால் செய்ய வேண்டியவை

டேப்லெட் சார்ஜில் இருக்கும்போது அதன் மீது தேநீர் கொட்டிவிட்டால், முதலில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் பிறகே கேபிளை உருவ வேண்டும். கருவியை முழுமையாக அணைத்து, உறையைக் கழற்றி, நூல் உதிராத துணியால் ஒற்றியெடுத்தபின், சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால், உள்ளே தேங்கியது ஓரளவு வெளியேறும்.

சார்ஜ் ஏறுகிறதா என்று செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான வேலை. யூஎஸ்பி-சி துளையில் 24 முனைகள் மயிரிழை இடைவெளியில் நெருங்கியிருப்பதால், ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து உலோகம் அரிக்கப்பட்டு, பச்சையாகவோ கறுப்பாகவோ படிவு சேரும். ஆகவே மின்விசிறிக் காற்றில் ஒரு நாளாவது உலரவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், குச்சியோ பஞ்சோ துளைக்குள் நுழைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வீண். ஐபோன்களுக்கு அதைச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

தண்ணீர் உலர்ந்துவிடும், தேநீரின் சர்க்கரையும் பாலும் உலர்ந்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், பழுதுபார்ப்பவர் கருவியைத் திறந்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்வதே முறை.

எல்சிடி திரையின் ஓரத்தில் மேகம்போல் கறை தெரிந்தால், பின்னொளித் தகடுகளுக்கிடையே திரவம் புகுந்துவிட்டது என்று பொருள். அது உலர்ந்தாலும் தழும்பு நிற்கலாம். கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்ட மாதிரிகளில் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரிடும். உலர்ந்தபின் கருவி இயங்கினால், முதல் வேலையாகப் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் சேமியுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டிருக்கலாம். அதை அழுத்தாமல், சார்ஜ் போடாமல், நேரே கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.