மலிவு விலைக் கப்பல் சுற்றுலா: இலவசக் குடையின் கீழ் நாம் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் பயண முகவராக இருக்கும் எனக்கு, கப்பல் சுற்றுலா முடித்து ஊர் திரும்பியவர்களிடமிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் கடலைப் பற்றியதாக இருப்பதில்லை. கடைசி நாள் காலையில் கைக்கு வந்த கணக்குச் சீட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று திருவனந்தபுரம் வழியாகச் சிங்கப்பூர் போய், அங்கே கப்பலேறி நான்கு இரவுகள் சுற்றி வந்தது. "அண்ணாச்சி, டிக்கெட்டுக்கு முழுசா காசு கட்டியாச்சுல்லா? பெறகு இது என்ன இருநூத்தி எம்பத்தெட்டு டாலர்?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் சேவைக் கட்டணம், நான்கு பேர், நான்கு இரவு என்று பெருக்கிக் காட்டினேன். அவர் சமாதானமாகவில்லை. சேவைக் கட்டணம் தனி என்பதை நான் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தேனே தவிர வாயால் அழுத்திச் சொல்லவில்லை. அது என் பிழை. ஆனால் அவருடைய இன்னொரு முறையீடு, அதாவது மலிவு டிக்கெட் என்பதால்தான் கவனிப்பும் மட்டமாக இருந்தது என்பது, பாதிதான் சரி. அந்த மற்றப் பாதியைப் புரிந்துகொள்ளாமல் பணத்தையும் மனநிறைவையும் இழப்பவர்கள் நம் வட்டாரத்தில் பெருகி வருவதால் இதை எழுதுகிறேன்.

விலை ஏன் இறங்குகிறது என்று கேட்காமலேயே மகிழ்வது, அல்லது கேட்காமலேயே சந்தேகப்படுவது, எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். கட்டணப் போட்டி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியோ, லாவோ என்ற இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடவிட்டபோது, அந்த வழியில் அதுவரை போட்டியின்றி ஓடிய பிரிட்டிஷ் கம்பெனி ஆள் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே வெள்ளையர் கம்பெனி, இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம், ஏறுகிறவர்களுக்குக் குடையும் தருகிறோம் என்று கூவியதை இன்றும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்த மலிவின் நோக்கம் எதிராளியின் கப்பலைக் காலியாக்குவது. இன்றைய மலிவின் நோக்கம் வேறு: தன் கப்பலை நிரப்புவது.

ஆள் இல்லாமல் புறப்பட்டுவிட்ட கேபின், அதாவது கப்பலில் பயணி தங்கும் அறை, சங்கரன்கோவில் பூச்சந்தையில் பொழுது சாயும்வரை விற்காத பிச்சிப்பூவைப் போன்றது. மறுநாள் அதற்கு விலை கிடையாது. எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், துறைமுகச் செலவு ஆகியவை கப்பல் பாதி நிறைந்தாலும் முழுதும் நிறைந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே தேவை சரியும்போதெல்லாம் நிறுவனங்கள் கேபின்களைக் காலியாக விடுவதில்லை, கட்டணத்தைத்தான் குறைக்கின்றன. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு நடந்தது இதுதான். டிக்கெட்டில் விட்டதை அவர்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்பதும் மறைவான செய்தி அன்று. கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரும் நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணி கப்பலேறிய பின் செலவழிக்கும் பணத்திலிருந்து வருகிறது. மதுபானம், சூதாட்ட அரங்கு, இணைய வசதி, புகைப்படம், துறைமுகங்களில் ஏற்பாடு செய்யப்படும் ஊர் சுற்றல், தனிக் கட்டண உணவகங்கள் எல்லாம் அதில் அடங்கும். டிக்கெட் விலையை மொத்தப் பயணத்தின் விலையாக எடுத்துக்கொள்கிறவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் மலிவு சேவையைத் தொடவே இல்லையா என்றால், தொடுகிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அன்று. நம் கல்யாண வீடுகளில் இலைக்கு இவ்வளவு என்று பேசிச் சமையலை ஒப்பந்தம் விடுகிறோம். இலை விலையை அடித்துப் பேசினால் ஒப்பந்தக்காரர் கூட்டு, பொரியல் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டார். பந்தியில் உட்கார்ந்தவுடன் அது கண்ணில் பட்டுவிடும். பரிமாறும் ஆட்களில் இரண்டு பேரைக் குறைப்பார். மறுவீட்டுச் சொதியில் முதல் தேங்காய்ப்பாலைக் குறைத்து மூன்றாம் பாலைக் கூட்டுவார். கப்பலிலும் நீச்சல்குளம், நாடக அரங்கு, சறுக்கு என்று விளம்பரப் படத்தில் இருப்பவை எல்லாம் அப்படியே இருக்கும். குறைவது மனிதக் கைவேலை.

என் அக்காள் மகன் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்க்கிறான். ஒப்பந்தக் காலமான எட்டு மாதமும் வாரவிடுமுறை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலையும் மாலையும் இரண்டு முறை ஒவ்வொரு கேபினுக்கும் போவானாம். காலையில் விரிப்பை மாற்றி, அதன் மூலைகளை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, கண்ணாடியில் படிந்த கைரேகையைத் துடைப்பது. மாலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குளியல் துண்டு இரண்டைச் சுருட்டி மடித்து ஒரு யானை செய்து, அதற்கு விருந்தினரின் மூக்குக் கண்ணாடியையே மாட்டிப் படுக்கையில் உட்கார வைப்பது. குழந்தைகள் அந்த யானைக்காகவே ஓடி வருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பல நிறுவனங்கள் இருவேளைச் சுத்தத்தை ஒருவேளையாக்கின. ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் கேபின்களின் எண்ணிக்கையும் கூடியது. "ஆனையெல்லாம் போச்சு மாமா. விரிப்பு சுருக்கமில்லாம இருந்தாப் போதும்னு ஆயிட்டு" என்றான் கடைசியாக விடுப்பில் வந்தபோது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பதால் வேலை நேரத்தை நீட்டவும் முடியாது. எனவே கேபின்கள் கூடும்போது ஒவ்வொரு கேபினுக்கும் கிடைக்கும் நிமிடங்கள்தாம் குறைகின்றன. உணவிலும் இப்படியே: ராயல் கரீபியன் கப்பல்களில் கேபினுக்கு வரவழைக்கும் உணவுக்கு 2017 முதல் 7.95 டாலர் கேட்கிறார்கள்; கார்னிவலில் சாப்பாட்டு அறையில் மூன்றாவது முதன்மை உணவு கேட்டால் 5 டாலர்.

இங்கேதான் தென்காசிப் பெரியவரின் வாதம் தவறிப்போகிறது. ஒரு பயணத்தில் கப்பலின் ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையானது. மாறுவது பயணிகளின் எண்ணிக்கை. கேபினுக்கு இருவர் என்ற கணக்கில்தான் கப்பல்காரர்கள் நூறு சதவீதம் என்கிறார்கள். பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிறைந்து அது நூறைத் தாண்டிவிடும். அதே ஸ்டூவர்ட், அதே பரிசாரகர், கூடுதலாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆக, மே மாதத்தில் அதிக விலை கொடுத்தவருக்குக் கவனிப்பு மெலிந்தும், பள்ளிக்கூடம் நடக்கும் ஜூலையில் மலிவாகப் போனவருக்குக் கவனிப்பு நிறைந்தும் கிடைப்பது உண்டு. விலையை வைத்துச் சேவையை ஊகிப்பதைக் காட்டிலும், எந்த வாரம், எத்தனை இரவு என்று பார்ப்பது பயன் தரும். வார இறுதியை ஒட்டி இரண்டு மூன்று இரவு மட்டும் ஓடும் கப்பலில், ஊழியர்கள் ஒரு கூட்டத்தின் முகத்தைப் பழகுவதற்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடுகிறது. ஐந்து இரவுக்கு மேற்பட்ட பயணத்தில் மூன்றாம் நாளே உங்கள் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது பரிசாரகருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பருவம் பாராமல் மலிவை மட்டும் பார்த்து வடகிழக்குப் பருவமழையின்போது வங்கக் கடலில் டிக்கெட் எடுக்க வேண்டாம். கடல் கொந்தளித்துத் துறைமுகம் ஒன்று கைவிடப்பட்டால், ஒப்பந்த விதிகளின்படி பெரும்பாலும் அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும் மட்டுமே திரும்ப வரும்.

பெரிய கப்பல் என்றால் நெரிசல், சிறிய கப்பல் என்றால் தனிக்கவனம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் சரியன்று. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் மொத்த டன்னேஜை, கேபினுக்கு இருவர் என்ற அளவில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த டன்னேஜ் எடையைக் குறிப்பதில்லை. கப்பலின் உள்ளிடத்தைக் குறிப்பது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணங்களைத் தொடங்கிய கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ், 1990இல் கட்டப்பட்டது. சுமார் 48,500 டன், 1,600 பேர் என்று வகுத்தால் 30 வருகிறது. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். 5,610 பேர் என்று வகுத்தால் 44. பூதாகாரமான கப்பலில்தான் ஆளுக்கு இடம் அதிகம். பயணிகளின் எண்ணிக்கையை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஊழியருக்கு எத்தனை பேர் என்பது கிடைக்கும்; ஐகானில் ஊழியர்கள் 2,350 பேர் என்பதால் அது ஏறத்தாழ 2.4. இந்த எண்கள் எல்லாம் வெளிப்படையாகக் கிடைப்பவை. நகைக்கடையில் சேதாரத்தைத் துருவித் துருவிக் கேட்கிற நாம், இதை ஒருநாளும் கேட்பதில்லை.

கேபின் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. விளம்பரத்தில் வரும் தொகை இருவர் தங்கும் உட்புறக் கேபினில் ஒருவருக்கானது. அந்தக் கேபின் பெரும்பாலும் சுமார் 150 சதுர அடி, சன்னல் கிடையாது, நம் வீட்டுப் பட்டாசாலையில் பாதிகூடத் தேறாது. நான்கு பேர் அதில் படுக்கலாம். நான்கு பேரின் பெட்டிகளும் அதில் இருக்க முடியுமா என்பதை யோசித்துவிட்டு எடுங்கள். தனியாகப் போகிறவர் இரண்டு பேர் கட்டணத்தையும் தானே கட்ட நேரலாம்.

இனி, அந்தக் குடைக்கு வருவோம். "பானங்கள் இலவசம், இணையம் இலவசம்" என்று டிக்கெட்டோடு சேர்த்துத் தரப்படும் சலுகைகள்தாம் இன்றைய குடை. இலவசமாகத் தந்த பானத் தொகுப்புக்கும் சேவைக் கட்டணத்தை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளும் நிறுவனம் உண்டு. குடை சும்மா, கம்பிக்குக் காசு. காசு கொடுத்து மதுபானத் தொகுப்பு வாங்குவதாக இருந்தால், ஒரு கேபினில் பெரியவர் ஒருவர் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. வீட்டுக்காரர் இரவில் ஒரு பீர் குடிப்பதற்காக, வாழ்நாளில் அதைத் தொடாத வீட்டம்மாவுக்கும் சேர்த்து நான்கு நாள் தொகுப்பு எடுத்தவர்களை எனக்குத் தெரியும். தண்ணீர், தேநீர், சாதாரணக் காபி ஆகியவை பெரும்பாலான கப்பல்களில் உணவுக்கூடத்தில் கட்டணமின்றியே கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் நம்மவர்களிடம் இருக்கிறது: டிக்கெட்டில் அடங்கியிருப்பதைக்கூடப் பயன்படுத்தாமல் திரும்புவது. வெள்ளை விரிப்பும் வரிசையாகக் கரண்டிகளும் வைத்திருக்கும் முதன்மைச் சாப்பாட்டு அறையைப் பார்த்தவுடன், இது தனிக் காசு போலிருக்கிறது என்று எண்ணி, நான்கு நாளும் தட்டேந்தும் பஃபேயில் மட்டும் வரிசையில் நின்றுவிட்டு, "சாப்பாடு சரியில்லை" என்று வருவார்கள். அந்த அறையின் வழக்கமான உணவு டிக்கெட்டிலேயே அடங்கியது. சைவ உணவுக்காரர்கள் டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டுவிட்டு, முதல் நாள் இரவு தலைமைப் பரிசாரகரிடம் நேரில் சொல்லி வைத்தால், பல கப்பல்களில் மறுநாள் முதல் இந்திய முறையில் பருப்பும் காய்கறியும் தனியே செய்து தருவார்கள். கடைசி இரவில் போய்க் கேட்டால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

குறை சொல்லும் நேரமும் இடமும் தவறுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய பிழை. கழிப்பறையில் தண்ணீர் வடியவில்லை என்பதை மூன்று நாள் பொறுத்துக்கொண்டு, இறங்கும் காலையில் வரவேற்பு மேசையில் சத்தம் போட்டால், பழுது பார்க்கவோ கேபின் மாற்றவோ வழியில்லை. அந்தக் கோபத்தில் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அப்படி நீக்கிக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் நீங்கும் பணம் கேபின் துடைத்தவருக்கும் உணவு பரிமாறியவருக்கும் போக வேண்டியது. இரண்டு வேளையை ஒரு வேளையாக்கியவர் அவர்களில் யாரும் இல்லை.

பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் மதிப்பீட்டுப் படிவமும் அப்படித்தான். பத்துக்கு ஏழு போட்டால் நல்ல மதிப்பெண் என்பது நம் பள்ளிக்கூடத்துப் பழக்கம்; அங்கே ஒன்பதுக்குக் கீழே வந்தால் மேலாளர் கூப்பிட்டு விசாரிக்கிறார் என்கிறான் என் அக்காள் மகன். தென்காசிப் பெரியவர் அந்தப் படிவத்தை என் கடைக் கணினியில் வைத்துத்தான் நிரப்பினார். உணவு வகைகள் குறைந்தது, அறைச் சுத்தம் ஒருவேளையானது ஆகியவற்றை நிறுவனக் கொள்கைக்கான பகுதியில் எழுதச் சொன்னேன். ஸ்டூவர்டுக்கான பகுதி வந்ததும் அவர் சற்றே யோசித்தார். பேரனுக்காக இரண்டாம் நாள் அந்தப் பையன் துண்டில் ஒரு குரங்கு செய்து திரைக்கம்பியில் தொங்கவிட்டிருந்தானாம். "அவன் பேரு என்னமோ இருந்துச்சே" என்று சட்டைப்பையைத் துழாவி, கேபினில் வைத்திருந்த சிறு அட்டையை எடுத்துக் கொடுத்தார். நான் அதைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தேன்.