கலப்பு ஊரில் கடை போடுமுன் பார்க்க வேண்டியவை

இலங்கை மலையகத்தில், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் கலந்து வாழும் பண்டாரவளைப் பக்கம் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். புதிதாகக் கடை போட நினைக்கும் நம் பிள்ளைகள் வந்தால் வாடகை, லோன் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சரி, அதற்கு வங்கி இருக்கிறது. முதலில் இதை விசாரியுங்கள்: அந்தத் தெருவில் சண்டை வந்தால் விலக்கிவிட யார் வருவார்? அப்படி ஆள் இல்லாத இடம் பாதி வாடகைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

1983 இனக்கலவரத்தில் பதுளையிலும் நுவரெலியாவிலும் நம் தமிழர் கடைகள் எரிந்தன. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் கடைகள். பக்கத்துத் தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர்களோடு நடந்த வீதித் தகராறில் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்துபோக, அதிலிருந்துதான் பற்றியது. அவசரகாலச் சட்டமெல்லாம் அப்புறம் வந்தது. கலவரம் வந்து இழுத்து மூடும் கடைக்குக் கொழும்புக் கம்பனி எதுவும் கடனில் சாமான் இறக்காது. டீலர்ஷிப் கொடுக்க வருபவர் ஊர் எப்படி என்று பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்.

ஆகவே கடை திறக்குமுன்பே வர்த்தகச் சங்கத்தில் சேருங்கள். பன்சலை ஹாமதுரு (பௌத்த விகாரைப் பிக்கு), பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் கமிட்டி எல்லாரையும் நேரில் போய்ப் பாருங்கள். பொலிஸின் சிவில் பாதுகாப்புக் குழுவில் யார் யார் என்று கேட்டு நம்பர் வாங்கி வையுங்கள். வெசாக் தன்சலுக்கு (பௌத்தர்களின் வெசாக் பண்டிகை அன்னதானம்) பருப்பு மூட்டை அனுப்பிப் போட்டோ போடுவதோடு விடாமல், அன்று கரண்டி பிடித்து நில்லுங்கள்.

என் கடையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையனும் சிங்களக் கிராமத்துப் பெண்ணும் வேலை செய்கிறார்கள். விலைச்சீட்டு இரண்டு மொழியிலும் இருக்கும். இறுகிப்போன சிமெந்து மூட்டை, நிறம் மாறிய பெயின்ட் வாளி இவற்றில்தான் தகராறு தொடங்கும். பேச்சு 'உங்கட ஆக்கள்' என்று திரும்புவதற்குள் சாமானை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நட்டம் சில ஆயிரத்தோடு போகும்.

கடன் பாக்கிக்கு ஆள் அனுப்பி மிரட்டாதீர்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. வக்கீல் கிடையாது, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். பணமும் வரும், அந்த வாடிக்கையாளரும் திரும்ப வருவார்.

காப்புறுதியில் பலர் ஏமாறுகிறார்கள். தீக் காப்புறுதி எடுத்தால் கலவரச் சேதம் தானாக அதில் சேராது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் இவற்றுக்கு மேலதிகமாகக் கட்டி வாங்க வேண்டும். ஏஜென்டிடம் 'எஸ்ஆர்சிசி' (வேலைநிறுத்தம், கலவரம், மக்கள் கிளர்ச்சிக்கான காப்பு), பயங்கரவாதக் காப்பு இரண்டையும் கேளுங்கள், பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள். ஸ்டொக் கணக்கின் பிரதியைக் கடைக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.