மிஷன் களத்திலிருந்து தாய்நாடு திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

அயல்நாட்டு ஊழியம் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி அவர்களுக்கே தெரிந்தவைதான். கடைகளில் குவிந்து கிடக்கும் பொருள்களைப் பார்த்து மலைப்பு வரும், பழைய நண்பர்கள் மாறியிருப்பார்கள், தூக்கம் தடுமாறும். இவை சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும் என்பதால் இங்கே தொடவில்லை. புதிதாகத் திரும்புகிறவர்கள் எல்லாரும், முன்பு வந்தவர்கள் செய்த அதே ஏழு தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். எழுதவேண்டியது அவற்றைப் பற்றித்தான். அவற்றிலும் ஒன்றுக்கு மற்றவற்றைவிட அதிக இடம் தேவைப்படுகிறது.

காகிதங்களை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

பணியாற்றிய நாட்டின் காவல்துறை நன்னடத்தைச் சான்று, பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண் பதிவுகள், தடுப்பூசி அட்டை, மருத்துவக் கோப்பு, எந்தப் பொறுப்பில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்ற பணிச்சான்று. இவற்றைப் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பல நாடுகளில் நன்னடத்தைச் சான்றுக்குக் கைரேகை கொடுக்கவேண்டும். அங்கே இருக்கும்போது ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை, நாட்டை விட்டு வந்த பிறகு தூதரகம் வழியாக மாதக்கணக்கில் இழுக்கும். சிறுவர்களோடு பழகும் வேலை எதற்கு விண்ணப்பித்தாலும் அந்தச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

பணிச்சான்றில் 'ஊழியம் செய்தார்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், எந்த வரவுசெலவைக் கையாண்டீர்கள், எந்த மொழியில் கற்பித்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிக்கு மிஷனெரியின் அன்றாட வேலை என்னவென்று தெரியாது.

வந்து இறங்கிய வாரமே மேடை ஏறுவது

வெள்ளிக்கிழமை விமானம் இறங்குகிறது என்றால் ஞாயிறு ஆராதனையில் சாட்சி, புதன்கிழமை ஜெபக்கூட்டம், அடுத்த வாரம் மூன்று சபைகள், அதன்பின் பெண்கள் ஐக்கியம், வாலிபர் முகாம். அட்டவணை சில மாதங்களுக்கு முன்பே களத்துக்கு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. தான் எந்த நிலையில் ஊர் வந்து சேரப்போகிறோம் என்று தெரியாமலே மிஷனெரி அதற்குச் சம்மதம் அனுப்பிவிடுகிறார். இதைச் செய்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. போதகருக்கு ஆசை, ஜெபித்தவர்களுக்கு ஆவல், அனுப்பிய மிஷன் ஸ்தாபனத்துக்கு அடுத்த ஆண்டின் தாங்குதல், அதாவது பண உதவி, பற்றிய கவலை. எல்லாருடைய நல்லெண்ணமும் சேர்ந்து ஒரு மனிதரைப் பிழிந்து எடுப்பதால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

முதல் கேடு, காலக்கணக்கு பிசகுவது. அயல்நாட்டுக்குப் போகிறவரின் மனநிலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் என்று 1955-இல் நார்வே சமூகவியலாளர் லைஸ்கார்ட் எழுதினார். 1963-இல் ஆய்வாளர்களான ஜான், ஜீன் கல்லஹார்ன் இருவரும், நாடு திரும்பும்போது இந்த ஏற்ற இறக்கம் இன்னொரு முறை நிகழ்கிறது என்று காட்டினார்கள். எல்லாருக்கும் அது ஒரே அளவில் வருவதில்லை. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வரவேற்பின் சூடு தணிந்த பிறகுதான் இறக்கம் தொடங்குகிறது. முதல் எட்டு வாரங்களைக் கூட்டங்களால் நிரப்பினால் அந்த இறக்கத்தை ஒத்திப்போட்டதாக மட்டுமே ஆகும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் அது வரும்போது அழைப்புகள் நின்றிருக்கும். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்ட முந்நூறு பேரில் ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது கேட்டைக் கண்டுபிடிப்பது கடினம். மேடையில் சொல்லத்தக்கவை சில சம்பவங்கள்தான்: ஞானஸ்நானம், சுகமடைந்த பிள்ளை, கட்டிமுடித்த பள்ளி. அவற்றையே இருபது முறை சொன்னபின் சொல்பவருக்கே வேறெதுவும் நினைவுக்கு வராது. சக ஊழியரோடு ஏற்பட்ட மனக்கசப்பு, கைவிட்டுவிட்டு வந்த திட்டம், விசுவாசத்தை விட்டுப்போன உள்ளூர் நண்பர், வறண்டுபோன ஜெப வாழ்வு எல்லாம் அடியில் போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து அவை வேறு ஏதோ பெயரில் வெளியே வரும்: காரணமில்லாத கோபம், திருமணத்தில் விரிசல், ஆராதனைக்குப் போகவே பிடிக்காமல் போவது. அப்போது யாரும் அதைக் களத்தோடு முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, குடும்பம். கணவர் பேசுகிறார், மனைவி சிரித்தபடி பக்கத்தில் நிற்கிறார், பிள்ளைகள் அந்நாட்டு உடையில் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். அந்த உடை அவர்கள் நண்பர்களோடு விளையாடிய உடை. நேற்றுவரை தங்கள் வாழ்க்கையாக இருந்தது இங்கே வேடிக்கைப் பொருளாகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

செய்யவேண்டியது இது. மூன்று ஆண்டுக்கு மேல் களத்தில் இருந்தவருக்கு முதல் ஆறு வாரம் பிரசங்கபீடம் வேண்டாம். ஒரே விலக்கு, அனுப்பிய சபை. அங்கேயும் பிரசங்கமாக இல்லாமல், போதகர் கேள்வி கேட்கப் பத்து நிமிடம் உட்கார்ந்தபடி பதில் சொன்னால் போதும். இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில் ஒருவரோடு விரிவாகப் பேசும் அமர்வு நடக்கவேண்டும். அந்த ஒருவர் உங்கள் மேலதிகாரியாகவோ, உங்களுக்குப் பணம் அனுப்புகிறவராகவோ இருக்கக்கூடாது. உங்கள் மறுநியமனம் அவர் கையில் இருந்தால் உண்மை வெளியே வராது. ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம். தம்பதியென்றால் தனித்தனியாகவும் சேர்ந்தும். பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ற வேறொரு ஆள். ஆண்டறிக்கை போல இதை எழுதி வாங்கிக் கோப்பில் வைக்கும் ஸ்தாபனங்கள் உண்டு. அப்படியானால் அது அறிக்கைதான், வேறொன்றும் இல்லை.

வன்முறையிலிருந்தோ கடத்தலிலிருந்தோ தப்பி வந்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. நடந்ததை உடனே ஒரே அமர்வில் சொல்லவைப்பது பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களை வற்புறுத்தாமல், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

ஏழாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது குடும்பமாக, பேச்சாளராக இல்லாமல், சொந்தச் சபையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவேண்டும். ஆறாவது மாதத்தில் இன்னொரு அமர்வு. அதன் தேதியை முதல் அமர்வின்போதே குறித்துவிடுங்கள். 'தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்' என்று விட்டால் தேவைப்படுகிறவர் கூப்பிடமாட்டார்.

கூட்டங்களுக்கு முன் மூன்று அளவில் பேச்சைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கேட்பவருக்கு இரண்டு நிமிடம்: ஓர் இடம், ஒரு மனிதர், ஒரு ஜெபக்குறிப்பு. வீட்டுக்கு அழைப்பவருக்குப் பத்து நிமிடம், அதில் ஒரு தோல்வியும் இருக்கட்டும். உண்மையாகவே கேட்க உட்காருபவருக்கு ஒரு மணி நேரம். அப்படி இரண்டு பேர் கிடைத்தாலே அதிகம். வாசலில் நிற்பவரிடம் ஒரு மணி நேரப் பேச்சைத் தொடங்கிவிட்டு, 'யாருக்கும் அக்கறையில்லை' என்று கசந்துபோகிறவர்கள் நிறைய.

'உடனே போய்ப் பேசாவிட்டால் தாங்குபவர்கள் மறந்துவிடுவார்கள்' என்ற பயத்துக்கு மறுமொழி: ஒரு பக்கக் கடிதம் எல்லாருக்கும், தொலைபேசி அழைப்பு முதல் பத்துப் பேருக்கு. 'ஆறு வாரம் ஓய்வும் மருத்துவச் சோதனையும். அதன்பின் உங்களைச் சந்திக்க வருகிறேன்' என்று தேதியோடு எழுதினால் ஏறக்குறைய எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். அந்த வாரங்களுக்கான பணப்படி தொடரும் என்பதை ஸ்தாபனத்திடம் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கெல்லாம் அப்போஸ்தலர் 14:27-ஐ எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு: பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்கு வந்தவுடன் சபையைக் கூட்டி நடந்ததை அறிவித்தார்களே என்று. அறிவித்தது அனுப்பிய சபைக்கு. அடுத்த வசனம், அவர்கள் அங்கே சீஷர்களோடு நெடுநாள் தங்கியிருந்ததைச் சொல்கிறது. மாற்கு 6:30, 31-இலும் சீஷர்கள் வந்து செய்ததை அறிவித்தவுடன் கிடைத்த கட்டளை, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறச் சொல்வதுதான்.

சபையின் செலவுகளைக் குறை சொல்வது

முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காதீர்கள்.

விசுவாசிகளின் படங்களை இணையத்தில் போடுவது

மதமாற்றத்துக்குத் தண்டனையுள்ள நாடு என்றால் முகம், பெயர், ஊர் மூன்றில் எதுவும் கூடாது. நேரலையாகும் ஆராதனையின் திரையிலும் கூடாது. விலை கொடுக்கப்போவது நீங்கள் அல்ல.

பிள்ளைகளும் 'வீட்டுக்கு வந்துவிட்டார்கள்' என்று நினைப்பது

பெற்றோருக்குத்தான் இது திரும்பிவருவது. அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு இது முதல் குடிபெயர்வு. 1950-களில் இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இத்தகைய பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் அழைத்தார். அவர்களோடு நெடுங்காலம் பழகிய டேவிட் போலக், புறப்படும் முன்பே முடிக்கவேண்டிய நான்கு வேலைகளைச் சொன்னார்: மனஸ்தாபங்களைத் தீர்த்துக்கொள்வது, நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்வது, ஆள், இடம், பொருள், செல்லப்பிராணி என ஒவ்வொன்றிடமும் விடைபெறுவது, போகிற இடத்தை மனத்தில் தயார் செய்வது. குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது மூன்றாவதை. பெட்டி கட்டும் அவசரத்தில் நாயை யாரிடமோ கொடுத்துவிட்டு, பிள்ளையிடம் பிறகு சொல்வார்கள். பெரியவனான பிறகும் அவன் அதை மறப்பதில்லை.

முடிந்தால் பள்ளி ஆண்டின் நடுவில் நகராதீர்கள். பள்ளி இறுதி ஆண்டில் நகர்வதைக் கட்டாயம் தவிருங்கள். அந்நாட்டு மொழியை வீட்டில் பேச ஆசைப்பட்டால் பேசவிடுங்கள்.

விட்டுவந்த களத்தைத் தொலைபேசியில் நடத்துவது

இரவு பதினொரு மணிக்குப் பழைய உதவியாளரிடமிருந்து வாட்ஸப் செய்தி வரும்: புதியவர் இப்படிச் செய்கிறார், நீங்கள் இருந்தால் விடுவீர்களா? ஒரு முறை பதில் சொன்னால் அங்கே இரண்டு தலைமை உருவாகிவிடும். முதல் மூன்று மாதமும் 'அதை அவரிடமே பேசுங்கள்' என்ற ஒரே பதில் போதும். நண்பர்களோடு குடும்பச் சேதி பேசுங்கள், நிர்வாகம் பேசாதீர்கள். 'கட்டாயம் திரும்பி வருவேன்' என்ற வாக்கையும் கொடுக்காதீர்கள். கொடுத்தவர் அதை மறந்துவிட்டாலும் அவர்கள் காத்திருப்பார்கள்.

காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைப்பது

மலேரியாத் தடுப்பு மாத்திரையை விமானம் ஏறியதும் நிறுத்துகிறவர்கள் பலர். டாக்ஸிசைக்ளின், மெஃப்லோகுவின் என்றால் மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின் நான்கு வாரமும், அட்டோவகுவோன்–புரோகுவானில் என்றால் ஏழு நாளும் தொடரவேண்டும். தொடர்ந்தாலும் வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்துக் கிளம்பும். முதல் ஓராண்டில் எந்தக் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்கவேண்டாம்.

மற்ற சோதனைகளுக்கு எதிர்மாறான கணக்கு, அவசரப்பட்டால் வீண். காசநோய்த் தொற்றைக் கண்டறியும் சோதனையைத் திரும்பி எட்டு முதல் பத்து வாரம் கழித்துச் செய்தால்தான் கடைசி நாள்களின் தொற்றும் பிடிபடும். நன்னீர் ஏரியிலோ ஆற்றிலோ இறங்கியிருந்தால், நத்தைகள் வழியே பரவும் ஷிஸ்டோசோமா ஒட்டுண்ணிக்கான இரத்தச் சோதனைக்கு மூன்று மாதம் பொறுங்கள். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாகப் புகும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு பல பத்தாண்டுகள் சத்தமின்றி உடலில் இருக்கக்கூடியது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எழுதப்படும்போது அது பெருகி உயிரையே பறிக்கலாம். திரும்பி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், ஸ்டீராய்டு தொடங்கும் முன் அந்தப் புழுவுக்கான இரத்தச் சோதனை செய்துவிட்டீர்களா என்று பாருங்கள்.