அரசை விமர்சித்த பதிவுக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்

முதலில் கேட்க வேண்டியது சட்டப்பிரிவு எண். இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைத் தண்டித்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ என்றால், அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. (அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகின என்பது வேறு கதை.) பழைய தேசத்துரோகப் பிரிவு 124ஏ, 2022 மே 11இல் நிறுத்திவைக்கப்பட்டது. இப்போது அஞ்ச வேண்டியது 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 152; நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிக்கும் செயல்களைத் தண்டிப்பது. பெயர்தான் போனது, ஆயுள் தண்டனை போகவில்லை. அரசின் நடவடிக்கையைச் சட்டவழியில் மாற்றக் கோரிக் கண்டிப்பது குற்றமல்ல என்று அதன் விளக்கமே சொல்கிறது; வழக்கறிஞரின் முதல் பிடிமானம் அந்த வரிதான்.

பதறிப்போய்ப் பதிவை அழிக்காதீர்கள். சாட்சியத்தை மறைத்தீர்கள் என்ற புதுக் குற்றச்சாட்டுக்கு அது வழிவிடும். முழுப் பதிவையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும், இணைப்பு முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகாரில் பெரும்பாலும் வெட்டிய ஒற்றை வரிதான் இருக்கும்.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றமென்றால், பெரும்பாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)இன் கீழ், ஆஜராகச் சொல்லி எழுத்துபூர்வ அறிவிப்பு வரவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. அறிவிப்பின்படி ஆஜராகிவந்தால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. 152க்கு இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது, ஆயுள் தண்டனைப் பிரிவு அது. உடனே அதே நடைமுறைச் சட்டத்தின் 482இன் கீழ் முன்ஜாமீன் மனு போடுங்கள்.

செல்பேசியைப் பறிமுதல் செய்தால் ஐஎம்இஐ எண்ணோடு (செல்பேசியின் தனி அடையாள எண்) பறிமுதல் பட்டியலின் நகலை வாங்குங்கள். தேடுதலும் பறிமுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 105.