மெடிகேப்பா, அட்வான்டேஜா? 65 வயதில் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் 65 வயது நெருங்கிவிட்டால் தபால்பெட்டி நிறைய மெடிகேர் விளம்பரங்கள்தான். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக 80 சதவீதத்தை ஏற்கும். மீதி 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. அதைச் சமாளிக்க, துணைக் காப்பீடான மெடிகேப் எடுக்கலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரே தனியார் திட்டத்துக்குள் அடக்கும் மெடிகேர் அட்வான்டேஜில் சேரலாம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

"இப்போது அட்வான்டேஜில் இருப்போம், நோய் வந்தால் மெடிகேப்புக்கு மாறிக்கொள்வோம்" என்ற கணக்குதான் பலரையும் கவிழ்க்கிறது. 65 வயதாகி, பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதி) தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம் வரை, என்ன நோய் இருந்தாலும் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிகேப் தர மறுக்க முடியாது. கெடு தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையை விசாரித்து மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களே விதிவிலக்கு. ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றலாம் என்கிறார்களே? அது அட்வான்டேஜுக்கும் மருந்துத் திட்டத்துக்கும் உரிய சலுகை. மெடிகேப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 65 வயதில் முதன்முதலாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் விலகுவது போன்ற சில சூழல்களில் மட்டும் மெடிகேப் வாங்கும் உரிமை உண்டு.

பூஜ்ய டாலர் பிரீமியம் என்றதும் செலவே இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. பார்ட் பி பிரீமியத்தை அப்போதும் கட்டியாக வேண்டும். 2025இல் அது மாதம் 185 டாலர். அந்த ஆண்டு அட்வான்டேஜ் திட்டங்களில், திட்டத்தோடு ஒப்பந்தமுள்ள (வலையமைப்பு) மருத்துவமனைகளிலேயே உங்கள் கைச்செலவு 9,350 டாலர் வரை போகலாம். வரம்பு என ஒன்று இருப்பது நல்லதுதான். ஆனால் நீண்டகால நோயாளிக்கு ஒவ்வொரு ஆண்டும் அது புதிதாகத் தொடங்கும். பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் கேட்பார்கள். உங்கள் மருத்துவர் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்று அவருடைய அலுவலகத்திலேயே கேளுங்கள். பல் வைத்தியம், ஜிம் போன்ற இலவசங்களைப் பார்த்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெடிகேப் எடுப்பவர்களும் தவறுகிறார்கள். மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி என்றால் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சினில் அமைப்பு வேறு). பெயருக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுவது வீண். இப்போது விற்கும் மெடிகேப்பில் மருந்துச் செலவு சேராது. மருந்துத் திட்டமான பார்ட் டி தனியே எடுக்க வேண்டும். வேறு தகுந்த மருந்துக் காப்பீடு இல்லாமல் தள்ளிப்போட்டால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதமாகச் சேரும். பார்ட் டி இருக்கும்வரை அது தொடரும்.

ஓய்வுபெற்றபின் குளிர்காலத்தைச் சென்னையிலோ மதுரையிலோ கழிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சிகிச்சைக்கு மெடிகேர் அநேகமாக எதுவும் தராது. பிளான் ஜி போன்றவை, முதல் 250 டாலரை நீங்கள் கட்டியபின் வெளிநாட்டு அவசரச் சிகிச்சையில் 80 சதவீதம் தரும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் வரும் அவசரத்துக்கு மட்டுமே அதுவும். பொங்கல் தாண்டியும் ஊரில் தங்குகிறவர் தனிப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.